ஆண்டிப்பட்டி: கோட்டை என்ற பெயரும் கூட்டல் கணக்கும்

தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'அது அதிமுக கோட்டையப்பா' என்று முடித்துவிடுவார்கள். கணக்கும் அதற்கு ஒத்துப்போகத்தான் செய்கிறது. 1980 முதல் 2021 வரை, இரண்டு இடைத்தேர்தல்களையும் சேர்த்து, அங்கே 12 முறை சட்டமன்றத் தேர்தல் நடந்திருக்கிறது. எட்டில் அதிமுக, நான்கில் திமுக.

எனக்கு அந்த எட்டைவிட இந்த நான்கில்தான் அக்கறை. 1989, 1996, 2019, 2021. இதில் 1996-ஐத் தவிர மற்ற மூன்றும் அதிமுக என்ற கட்சி உடைந்ததற்குப் பிறகு நடந்தவை. அப்படியானால் இந்தக் கோட்டையைக் காத்தது யார்? அங்கே வந்து நின்ற பெரிய தலைவர்களா, இரட்டை இலைச் சின்னமா, அல்லது கட்சி ஒன்றாக இருந்தது என்ற ஒரே காரணமா? நாற்பது ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பிடி கிடைக்கிறது.

தொகுதியின் தரை

தமிழகத்தின் 234 தொகுதிகளில் இதன் எண் 198. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மேற்கே போனால், கணவாயைத் தாண்டியதும் ஆண்டிப்பட்டி. அங்கிருந்து தெற்கே இறங்கினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலையடிவாரம் வரை ஊர்கள் நீண்டுகொண்டே போகும். 2008 தொகுதிச் சீரமைப்பில் உத்தமபாளையம் வட்டத்தின் ஒரு பகுதியும் வந்து சேர்ந்தது. அதே சீரமைப்பில்தான் பக்கத்திலிருந்த தேனி சட்டமன்றத் தொகுதி காணாமல் போனது, பெரியகுளம் மக்களவைத் தொகுதி தேனி மக்களவைத் தொகுதியாக மாறியது.

வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அணைத் தண்ணீர் பாய்வதெல்லாம் கிழக்கே, மதுரைப் பக்கம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நெல் வயலாக்கிவிட்டு நேரே அணைக்குப் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆண்டிப்பட்டிக்காரர் வானத்தைப் பார்த்துத்தான் முருங்கையும் தக்காளியும் போட வேண்டும். மலைப் பக்கம் இலவம் பஞ்சும் கொட்டை முந்திரியும். நகரை ஒட்டிய சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தம். பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பகுதிக் கண்மாய்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சி மேடையிலும் ஒலிக்கும். வென்ற பிறகு என்ன ஆகும் என்பது ஊருக்குத் தெரியும்.

சாதிக் கணக்கில் முக்குலத்தோர் வாக்கைத்தான் கட்சிகள் முதலில் எடைபோடும். பட்டியல் சமூகத்தினர், நாயக்கர், செட்டியார், நெசவாளர் குடும்பங்கள் எல்லாம் கணிசமாக இருக்கிறார்கள். இருந்தாலும் இங்கே இரு பெரிய கட்சிகளும் ஏறத்தாழ ஒரே சமூகத் தளத்திலிருந்து ஆளை நிறுத்துவதால், சாதி மட்டும் முடிவைத் தீர்த்துவிடுவதில்லை. 2019-இல் இது சாதியைத் தாண்டி ஒரே வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வராமலே ஜெயித்தவர்

1980-இல் அதிமுக இங்கே நிறுத்தியது நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனை. சேடப்பட்டிக்காரர் என்பதால் மக்களுக்கு அந்நியர் இல்லை. 1962-இலேயே பக்கத்துத் தேனித் தொகுதியில் திமுக சார்பில் வென்று, சட்டமன்றத்துக்குப் போன முதல் திரைப்பட நடிகர் என்று பெயர் வாங்கியவர். ஜெயித்தார்.

அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை. ஏனென்றால் தொகுதிக்கு எம்.ஜி.ஆர். வருகிறார். 'வருகிறார்' என்று சொல்வதுகூடச் சரியில்லை. 1984 அக்டோபரில் உடல்நலம் குன்றிச் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டவர், நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். வேட்பாளரானதும் அங்கே படுத்திருந்தபடியேதான். டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு. அதுவரை வேட்பாளர் ஆண்டிப்பட்டி மண்ணை மிதிக்கவில்லை.

அவருக்குப் பதில் வந்தது வீடியோ. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பது, சாப்பிடுவது, செய்தித்தாள் பார்ப்பது. 'தலைவர் உயிரோடுதான் இருக்கிறாரா' என்று மாநிலமே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. எந்த வாக்குறுதியும் இல்லாத அந்தப் படத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பின் பேச்சு எடுபடவில்லை. அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாபம் வேறு, காங்கிரஸ் கூட்டணி வேறு. எம்.ஜி.ஆர். 60,510 வாக்கு வாங்கினார். திமுக வேட்பாளரைவிட 32 ஆயிரத்துக்கும் மேல் கூடுதல், அதாவது இரட்டிப்புக்கும் அதிகம்.

1967, 1971-இல் பரங்கிமலை, 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, 1984-இல் ஆண்டிப்பட்டி என்று தொகுதி மாறிக்கொண்டே போனவர் எம்.ஜி.ஆர். அந்த வரிசையில் கடைசித் தொகுதி இது. 1987 டிசம்பர் 24 அன்று, ஆண்டிப்பட்டி அவருக்கு வாக்களித்து மூன்று ஆண்டு முடிந்த அதே தேதியில், அவர் மறைந்தார்.

சேவலும் புறாவும்

தலைவர் போனதும் கட்சி இரண்டாயிற்று. வி.என்.ஜானகி 1988 ஜனவரியில் 24 நாள் முதல்வராக இருந்தார். ஆட்சி கலைக்கப்பட்டது. ஓர் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பிறகு 1989 ஜனவரியில் தேர்தல். இரட்டை இலையைத் தேர்தல் ஆணையம் முடக்கிவைத்திருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா.

ஜானகி தேர்ந்தெடுத்த தொகுதி ஆண்டிப்பட்டி. கணவருக்கு வராமலே 60 ஆயிரம் வாக்கு கொடுத்த ஊர், மனைவி நேரில் வந்து கேட்டால் கொடுக்காதா என்ற எண்ணம் நியாயமானதுதான். ஜெயலலிதா நின்றது பக்கத்துத் தொகுதியான போடிநாயக்கனூரில். ஆண்டிப்பட்டியிலும் சேவல் சின்னத்துக்கு ஆள் போட்டிருந்தார்.

முடிவு திமுகவின் பி.ஆசையனுக்குப் போனது. அவர் வாங்கியது 31 ஆயிரத்துச் சொச்சம். சேவல் இரண்டாமிடம், ஏறக்குறைய 27 ஆயிரம். புறா 22 ஆயிரத்துச் சொச்சத்தோடு மூன்றாமிடம். முன்னாள் முதல்வர், எம்.ஜி.ஆரின் மனைவி, அவருடைய சொந்தத் தொகுதியில் மூன்றாமிடம். மாநில அளவில் ஜானகி அணி ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது, ஜெயலலிதா அணிக்கு 27 இடம்.

இங்கேதான் அந்தப் பிரபலமான கூட்டல் கணக்கு பிறக்கிறது. சேவலையும் புறாவையும் கூட்டினால் கிட்டத்தட்ட 50 ஆயிரம், திமுகவோ 31 ஆயிரம், பிரிந்ததால் தோற்றோம் என்று. இரு அணியும் சில வாரங்களிலேயே ஒன்று சேர்ந்ததற்கும், ஜானகி அரசியலைவிட்டு ஒதுங்கியதற்கும் தமிழகம் முழுக்கக் கிடைத்த இந்தக் கூட்டல்தான் காரணம்.

கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. கூட்டி வந்த 50 ஆயிரமும் 1984-இல் எம்.ஜி.ஆர். தனியாக வாங்கியதைவிடப் பத்தாயிரம் குறைவு. அப்போது கூட்டணியில் இருந்த காங்கிரஸ் 1989-இல் தனியாக நின்றது. அனுதாபமும் இல்லை. ஆகவே பிளவு மட்டுமே வாக்கைக் குறைத்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் திமுக 31 ஆயிரத்தில் ஜெயிக்க முடிந்ததென்றால் அதற்கு வழிவிட்டது பிளவுதான்.

இன்னொன்றும் இந்த முடிவில் தெரிகிறது. எம்.ஜி.ஆருக்கு விழுந்த வாக்கு எம்.ஜி.ஆர். குடும்பத்துக்கு என்று எழுதிக்கொடுத்த சொத்து இல்லை.

1991-இல் இரட்டை இலை திரும்பி வந்தது, ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகான அலையில் கே.தவசி சுலபமாக வென்றார். 1996-இல் மறுபடி ஆசையன். அந்தத் தேர்தலை நீட்டி முழக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுக்க அதிமுக நான்கே இடத்தில் வென்றது, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். கட்சி உடையாமல், சின்னத்தோடு நின்றபோதே ஆண்டிப்பட்டி கைவிட்ட ஒரே சமயம் என்பதால் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

டம்மி வேட்பாளரின் ஊர்

வேட்புமனுத் தாக்கலின்போது ஒவ்வொரு கட்சியும் மாற்று வேட்பாளர் என்று ஒருவரை வைத்திருக்கும். பேச்சுவழக்கில் டம்மி. முதன்மை வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் டம்மி வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார், பெயரை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். 2001 ஆண்டிப்பட்டியில் அந்த டம்மிதான் கதையையே மாற்றினார்.

டான்சி (தமிழ்நாடு சிறுதொழில் கழகம்) நில வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அப்படியும் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடத்தில் மனுப் போட்டார். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. 2001 ஏப்ரல் 24 அன்று நான்கு மனுவும் தள்ளுபடி. நான்கில் ஏதாவது ஒன்று ஏற்கப்படும் என்று அவர் நம்பியிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை. தள்ளுபடி ஆனதே பிரசாரமாக மாறியது. போட்டியிடவே விடாமல் தடுக்கிறார்கள் என்ற பேச்சு அவருக்கு லாபமாகத்தான் முடிந்தது.

ஆண்டிப்பட்டியில் மாற்று வேட்பாளராக இருந்த தங்க.தமிழ்ச்செல்வன் உண்மையான வேட்பாளரானார், வென்றார். அதிமுக கூட்டணி 196 இடங்களைப் பிடித்தது. எம்எல்ஏ ஆகாமலே ஜெயலலிதா மே 14-இல் முதல்வரானார். செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது. அன்றிரவே முதல்வரானவர் ஓ.பன்னீர்செல்வம், ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்துப் பெரியகுளம் தொகுதி எம்எல்ஏ. 1999-இல் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த டி.டி.வி.தினகரனின் கை இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருந்தது என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். மாநில அதிகாரம் தேனி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த காலம் அது.

டிசம்பர் 4-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க.தமிழ்ச்செல்வன் பதவி விலகி இடத்தைக் காலி செய்துகொடுத்தார். 2002 பிப்ரவரி 21-இல் இடைத்தேர்தல். திமுகவின் வைகை சேகரை ஜெயலலிதா 41,201 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மார்ச் 2-இல் மறுபடி முதல்வர். பதவியைக் கொடுத்த தங்க.தமிழ்ச்செல்வனுக்கு மாநிலங்களவை இடம் கிடைத்தது.

41 ஆயிரம் என்ற எண்ணைக் கோட்டைக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆளும் கட்சி இடைத்தேர்தலில், அதுவும் முதல்வராகப் போகிறவர் நிற்கும்போது, மந்திரிகள் எல்லாம் ஊருக்குள் முகாம் போட்டிருக்கும்போது வரும் வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வாதம். 2006 பொதுத்தேர்தல் எண்தான் நம்பத் தகுந்தது. அதிமுக ஆட்சியை இழந்த அந்தத் தேர்தலில் ஜெயலலிதாவுக்கு 73,927, திமுகவின் சீமானுக்கு 48,741 (நாம் தமிழர் கட்சிச் சீமான் இல்லை, இவர் வேறு). வித்தியாசம் 25,186. ஆட்சி போகும் காற்றிலும் 25 ஆயிரம் என்பது உண்மையான பலம்தான்.

முதல்வர் தொகுதி என்ற அந்தஸ்தில் ஊருக்குக் கிடைத்தவற்றில் கண்ணுக்குத் தெரிவது தேனி அரசு மருத்துவக் கல்லூரி. பெயர் தேனி என்றாலும் இருப்பது ஆண்டிப்பட்டியை அடுத்த க.விலக்கில். கண்டமனூர் விலக்கு என்பதைத்தான் எல்லாரும் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். முன்பு கண்டமனூர், வருசநாட்டுப் பக்கம் போக இறங்கி நிற்கும் விலக்கு ரோடு, இப்போது மாவட்டமே நோயாளிகளைக் கொண்டுவரும் இடம். ஆண்டிப்பட்டி நகரமோ இத்தனைக்கும் பிறகு பேரூராட்சியாகவே இருந்தது. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றுபோனது, அகலப்பாதையில் தேனி வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2022 மே மாதத்தில். ஊரே பதினோரு ஆண்டு பஸ்ஸை நம்பி இருந்தது.

முதல்வர் போன பிறகும்

2011-இல் ஜெயலலிதா ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார். ஆண்டிப்பட்டிக்கு மறுபடி தங்க.தமிழ்ச்செல்வன். எதிரில் திமுகவின் எல்.மூக்கையா. 21,031 வித்தியாசம். 2016-இலும் அதே இருவர். தங்க.தமிழ்ச்செல்வனுக்கு 1,03,129, மூக்கையாவுக்கு 72,933. வித்தியாசம் 30,196.

2006-இல் ஜெயலலிதாவே நின்றபோது வந்ததைவிட இது அதிகம். வாக்காளர் எண்ணிக்கையும் ஏறியிருந்தது, தொகுதி எல்லையும் மாறியிருந்தது, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். நட்சத்திர வேட்பாளர் இல்லாமலே, மாவட்ட அளவில் மட்டும் தெரிந்த ஓர் ஆளை வைத்து, இரட்டை இலை இங்கே 20 முதல் 30 ஆயிரம் வித்தியாசத்தைக் கொண்டுவர முடிந்தது. ஜானகியின் தோல்வியை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். பெரிய பெயர், சின்னம் இல்லை, மூன்றாமிடம். சின்னப் பெயர், சின்னம் உண்டு, 30 ஆயிரம்.

எம்எல்ஏ இல்லாத 20 மாதம்

2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த இரண்டே மாதத்தில் பன்னீர்செல்வம் தனியே போனார், கூவத்தூர் விடுதிக் காட்சிகள், எடப்பாடி பழனிசாமி முதல்வரானது எல்லாம் தெரிந்த கதை. ஆகஸ்டில் எடப்பாடி அணியும் பன்னீர்செல்வம் அணியும் சேர்ந்தபோது தினகரன் பக்கம் இருந்த 19 எம்எல்ஏக்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அதில் தேனி மாவட்டத்துக்காரர்கள் மூன்று பேர். ஆண்டிப்பட்டி தங்க.தமிழ்ச்செல்வன், பெரியகுளம் கே.கதிர்காமு, கம்பம் எஸ்.டி.கே.ஜக்கையன். ஜக்கையன் திரும்பி வந்துவிட்டார். மீதி 18 பேரையும் 2017 செப்டம்பர் 18-இல் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார்.

வழக்கு நடந்தது. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். வெறுத்துப்போன தங்க.தமிழ்ச்செல்வன், தொகுதிக்கு எம்எல்ஏ வேண்டும், நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்தார். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்து முடிவு வந்தது 2019 மே 23-இல். 20 மாதம் ஆண்டிப்பட்டிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மாவட்டத்தின் இன்னொரு தொகுதியான பெரியகுளத்துக்கும் இதே கதி. கிராமத்தில் எம்எல்ஏ என்றால் சட்டம் இயற்றுபவர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கும் சமுதாயக் கூடத்துக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் அவர். அந்த வாசல் பூட்டியே கிடந்தது.

2019 ஏப்ரல் 18-இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னால், 16-ஆம் தேதி இரவு, ஆண்டிப்பட்டி நாடெங்கும் செய்தியானது. தினகரன் தொடங்கிய அம்மா மக்கள் முன்னேற்றக் கழகத்தினர் (அமமுக) பயன்படுத்திய கட்டடம் ஒன்றில் பணம் இருப்பதாகத் தகவல் வந்து பறக்கும் படையும் வருமான வரித்துறையும் போக, கூட்டம் கூடித் தடுக்க, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. பிடிபட்டது 1.48 கோடி ரூபாய், 94 பொட்டலங்களாக. ஒவ்வொன்றின் மேலும் வார்டு எண், அங்குள்ள வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கு எழுதியிருந்ததாக வருமான வரித்துறை சொன்னது. அமமுக தரப்பு மறுத்தது. யாருடைய பணம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பொட்டலக் கணக்கைப் பார்த்தால், பட்டுவாடா என்பது கண்ட இடத்தில் அள்ளி இறைப்பது அல்ல என்பது புரியும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பூத் வாரியாக ஓர் அலுவலகம்போல நடக்கும் வேலை அது.

போட்டி ஒரே வீட்டுக்குள் போய்விட்டது என்று முன்பே சொன்னேனே, அது இதுதான். திமுக ஆ.மகாராஜனை நிறுத்தியது. அதிமுக நிறுத்தியது அவருடைய தம்பி லோகிராஜனை. அண்ணனுக்கு உதயசூரியன், தம்பிக்கு இரட்டை இலை. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. தேர்தல் ஆய்வுக்கு இது வேறு விதத்தில் உபயோகம். ஊர், குடும்பம், சாதி, சொந்தபந்தம் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே என்றால், வித்தியாசமாக மிஞ்சுவது கட்சி ஒன்றுதான்.

மகாராஜன் 87,079. லோகிராஜன் 74,756. வித்தியாசம் 12,323. பரிசுப் பெட்டகச் சின்னத்தில் நின்ற அமமுக வேட்பாளர் வாங்கியது அந்த வித்தியாசத்தைப்போல இரு மடங்குக்கும் மேல். அதாவது 1989-இன் கூட்டல் மறுபடி. இரட்டை இலையையும் பரிசுப் பெட்டகத்தையும் கூட்டினால் அண்ணன் தோற்றிருப்பார்.

அதே நாள், அதே வாக்குச்சாவடிகளையும் உள்ளடக்கிய தேனி மக்களவைத் தொகுதியில் அதிமுகவின் ரவீந்திரநாத் (பன்னீர்செல்வத்தின் மகன்) 76 ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் வென்றார். தமிழகத்தில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அது. அதற்குள் அடங்கிய ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இரண்டு இடைத்தேர்தலிலும் ஜெயித்ததோ திமுக. மக்களவைக்குக் காங்கிரஸ் சார்பில் வெளியூரிலிருந்து வந்த ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் நின்றதும், சட்டமன்றத்துக்கு உள்ளூர் ஆள் நின்றதும் காரணமாக இருக்கலாம். எப்படியோ, இயந்திரம் இரண்டு இருந்தால் இரண்டிலும் ஒரே சின்னத்தைத் தேடி அழுத்துவார்கள் என்ற பழைய நம்பிக்கை அன்று தேனியில் ஆட்டம் கண்டது.

2021 சொல்வது

2021 ஏப்ரலில் அண்ணன் தம்பி மறுபடி மோதினார்கள். மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003. வித்தியாசம் 8,538. இடையில் பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதில் வருசநாட்டு மலையூர்களில் 'எங்களைக் கீழே இறக்கிவிடுவார்களோ' என்ற பயம் இருந்தது. ஆனால் முடிவை நிர்ணயித்தது மாநிலக் காற்று என்றே நினைக்கிறேன். தேனி மாவட்டத்தின் நான்கில் மூன்று திமுகவுக்குப் போனது. போடியில் பன்னீர்செல்வம் மட்டும் தப்பினார்.

இந்த முறை பிளவுக் கணக்கை அவ்வளவு எளிதாகப் போட முடியாது. மாநிலம் முழுக்க அமமுக 2019-இல் வாங்கியதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பிரிந்து போன வாக்கில் ஒரு பங்கு திரும்பி வந்தும் அதிமுக தோற்றது. 2019-ஐவிட லோகிராஜன் பத்தாயிரம் கூடுதலாக வாங்கினார், மகாராஜனும் ஆறாயிரம் கூட்டிக்கொண்டார். 1989-இல் 31 ஆயிரம் வாக்கில் வென்ற திமுக போன்றது அல்ல இது. 93 ஆயிரம் என்பது பிறர் சண்டையில் குளிர்காய்ந்து கிடைக்கும் எண்ணும் அல்ல.

சரி, சின்னமா ஆளா என்ற கேள்விக்கு இந்தத் தொகுதியே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. அதன் பெயர் தங்க.தமிழ்ச்செல்வன். இரட்டை இலையில் ஆண்டிப்பட்டியில் மூன்று முறை நின்றார், மூன்றிலும் வெற்றி. 2019-இல் பரிசுப் பெட்டகத்தோடு தேனி மக்களவைக்கு நின்றார், மூன்றாமிடம். ஒரு மாதம் கழித்துத் திமுகவில் சேர்ந்தார். 2021-இல் உதயசூரியனோடு போடியில் பன்னீர்செல்வத்திடம் தோற்றார். ஆள் ஒருவரே, சின்னம் மாறியதும் முடிவு மாறியது. இதுவரை சின்னம்தான் என்ற பக்கமே கனக்கிறது.

2024 அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் குழப்பிவிட்டது. தேனி மக்களவைத் தொகுதியில் திமுகவின் தங்க.தமிழ்ச்செல்வன், எதிரில் பாஜக கூட்டணியில் குக்கர் சின்னத்தோடு தினகரன். யாருக்காக 2017-இல் எம்எல்ஏ பதவியை இழந்தாரோ அவரையே எதிர்த்து நின்றார். அதிமுக பாஜக இல்லாத தனி அணியாக நின்றது. தங்க.தமிழ்ச்செல்வன் 2.78 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதிமுக வேட்பாளர் மூன்றாமிடம். வழக்கம்போலச் சிலர் கூட்டிப் பார்த்தார்கள். தினகரனின் வாக்கையும் இரட்டை இலை வாக்கையும் சேர்த்தாலும் உதயசூரியனை எட்டவில்லை.